சத்தம் குறைக்கும் பெட்டி

— இந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஒரு சாமானை அது பாட்டுக்கு விடத் தெரியாதுய்யா. ஓடுறதை ஓட விடமாட்டான், நிக்கிறதை நிக்க விடமாட்டான். எல்லாத்துலயும் கையை விட்டு நோண்டணும். நோண்டிட்டு, ‘இப்ப எப்படி இருக்கு பாருங்க’ன்னு பல்லைக் காட்டணும். கண்ணு ஆபரேஷன்னு ஒரு மனுஷன் கட்டுப் போட்டுப் படுத்தேன். மூணு வாரம் வெளிய வரக்கூடாதுன்னாங்க, இருந்தேன். நேத்துதான் டாக்டர் வண்டி ஓட்டலாம்னாரு. ஆசையா ஷெட்டைத் திறந்தா, உள்ள வண்டிக்குப் பதிலா ஒரு பூனை படுத்திருக்கு! யோவ் மெக்கானிக்கு, வெளிய வா. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டா நான் போயிடுவேன்னு நினைக்காத.

— பதறாதீங்க சம்பந்தி. அதாவது, ரெண்டே போல்ட்டு பாக்கி. முறுக்கிட்டு வந்துடறேன்.

— சம்பந்தி கிம்பந்தின்னு கூப்பிடாதன்னு எத்தனை தடவை சொல்றது? நான் வண்டிக்காரன், நீ மெக்கானிக்கு. அதோட நிறுத்திக்கோ.

— என் பையன் உங்க பொண்ணைக் கட்டி அஞ்சு வருஷம் ஆச்சுங்க. அதாவது, நீங்க ஒத்துக்கலேன்னாலும் நாம சம்பந்திதான். இது கழட்டி மாட்டுற சாமான் இல்ல.

— ஊர்ல இந்த வண்டியைத் தொடத் தெரிஞ்சவன் வேற எவனாவது இருந்தா உன் வாசப்படிக்கே வரமாட்டேன்.

— என்னங்க, சம்பந்தி அண்ணனை எதுக்கு விரட்டறீங்க? வண்டியைக் கொண்டாந்து விட்டது நான்தான். எதிர்வீட்டு டிரைவர் தம்பியை ஓட்டச் சொல்லி நானே கூட வந்து விட்டேன்.

— யாரைக் கேட்டு?

— உங்களைக் கேட்டுதான். வண்டிக்கு ஓவர்டிரைவ்னு சத்தம் குறைக்கிற பெட்டி ஒண்ணு போட்டுடலாமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க.

— எப்போ?

— கண்ணுல கட்டோட படுத்திருந்தப்ப.

— அடியே, அது தலையணை குத்துதுன்னு நகத்தியிருப்பேன்! மனுஷன் தலையை அசைச்சா சம்மதமா? அப்ப நான் தும்மினா என்ன எழுதி வாங்கிக்குவ, வீட்டையா?

— நான் கேட்டேன், நீங்க தலையாட்டினீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— கேட்டியாய்யா மெக்கானிக்கு? பொண்ணு கல்யாணத்துலயும் இதே பாட்டுதான். ‘கேட்டேன், தலையாட்டினீங்க’. பெத்த அப்பனைக் கேக்காம நீயும் அவளும் பேசி முடிச்சிட்டு, அப்புறம் வந்து எந்தச் சட்டை போட்டுக்கிறீங்கன்னு கேட்டீங்க.

— கேக்காம இல்லீங்க! அன்னிக்கு எங்க அக்கா வீட்டுல இருந்து திரும்பி வர்றோம். பைபாஸ் ரோடு. பெட்ரோல் பங்கைத் தாண்டினதும் கேட்டேன். ‘பையன் நல்ல பையன், நம்ம பொண்ணுக்கும் பிடிச்சிருக்கு, சரின்னு சொல்லிடட்டுமா’ன்னு கேட்டேன். நல்லா மூணு தடவை தலையாட்டினீங்க. அதை நம்பித்தானே வாக்குக் குடுத்தேன்?

— பொய்.

— அதாவது, அந்த விஷயத்தை இப்ப எதுக்கு…

— நீ நடுவுல வராத. இதுல ஒண்ணே ஒண்ணுதான். ‘உங்களைக் கேக்காமதான் முடிச்சேன், தப்பு என்னோடது’ன்னு அவ வாயால ஒரு தடவை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் பொண்ணு வீட்டுக்கு வண்டியை எடுக்கிறேன்.

— கேட்டதைக் கேக்கலைன்னு நான் எப்படிங்க சொல்றது? நாக்கு வருமா?

— அப்ப சரி. இரு.

— இருந்து இருந்துதான் பேத்திக்கு மூணு வயசு ஆயிடுச்சு. நான் மட்டும் வருஷா வருஷம் பஸ்ஸுல போய்ட்டு வர்றேன். ‘தாத்தா எங்க’ன்னு கேக்குது. ‘வண்டி ரிப்பேர்’னு சொல்றேன். போன தடவை என்ன கேட்டுச்சு தெரியுமா? ‘இன்னுமா ரிப்பேரு’ன்னு கேட்டுச்சு.

— அதாவது, இதுல என் பேரும் கெடுது பாருங்க. ஒரே வண்டியை மூணு வருஷமா ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்குன்னு என் பேத்தியே நினைக்குது.

— நான் வரமாட்டேன்னு சொல்லல. வண்டி அவ்வளவு தூரம் தாங்காது. ஏழு மணி நேர ரோடு. எழுபதுல போனா எஞ்சின் கத்துற கத்துல பல்லெல்லாம் ஆடும். அடுத்தவன் ஓட்டுற பஸ்ஸுல நான் ஏறமாட்டேன், அது உனக்கே தெரியும்.

— தெரியும். அதனாலதான் அண்ணன்கிட்டக் கொண்டாந்து விட்டேன். எஞ்சின் கத்தறதுதானே உங்க சாக்கு? சாக்கைப் பிடுங்கிட்டா என்ன சொல்றீங்கன்னு பார்ப்போம்.

— ஓகோ. ரெண்டு பேரும் திட்டம் போட்டுத்தான் செஞ்சிருக்கீங்க.

— இதோ முடிஞ்சுது. அந்தத் துணியைக் கொஞ்சம் எடுங்க சம்பந்தி, கையைத் துடைச்சுக்கிறேன். இப்ப சொல்றேன், நிதானமாக் கேளுங்க. உங்க வண்டிக்கு நாலே கியரு. டாப்புல போட்டாலும், சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள எஞ்சின் நாலு சுத்துக்கு மேல சுத்தணும். வண்டி செஞ்ச காலத்துல ரோடு அப்படி. அம்பதுக்கு மேல எவனும் போகல. இப்ப கியர் பாக்ஸுக்குப் பின்னாடி இந்தப் பெட்டியை வெச்சிருக்கேன். அதாவது, டாப் கியர்ல போய்க்கிட்டிருக்கிறப்ப ஒரு சுவிட்சைத் தட்டினா, அதே வேகத்துக்கு எஞ்சின் மூணு சுத்து, மூணேகால் சுத்து சுத்தினாப் போதும்.

— மிச்ச சுத்தை யாரு சுத்துறது?

— யாரும் சுத்த வேண்டாம்.

— வேலை குறைஞ்சுது, வேகம் குறையலைங்கிற. அப்ப நடுவுல எவனோ ஏமாத்துறான்.

— யாரும் ஏமாத்தலீங்க. நீங்களும் தங்கச்சியும் கடைத்தெருவுல நடந்து போறீங்க. ரெண்டு பேரும் ஒரே வேகம். நீங்க நீளமா ஒரு எட்டு வெக்கிறதுக்குள்ள, அவங்க குட்டிக் குட்டியா ரெண்டு எட்டு வெக்கணும். வீடு போய்ச் சேர்றப்ப யாருக்கு மூச்சு வாங்கும்?

— எனக்குத்தான் அண்ணே. நாப்பது வருஷமா வாங்குது. ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்காரா கேளுங்க.

— அதாவது, இதுவரைக்கும் உங்க எஞ்சின் தங்கச்சி மாதிரி ஓடிச்சு. இனிமே உங்களை மாதிரி நடக்கும்.

— நல்லா வாய் பேசுற. இந்தப் பெட்டி புதுசா?

— புதுசு எங்க கிடைக்குது? இதே கம்பெனி வண்டி ஒண்ணு, பழைய இரும்புக் கடையில நொறுங்கிக் கிடந்துச்சு. அதுல இருந்து எடுத்தேன். பிரிச்சு, கழுவி, உள்ள ரிங்கு எல்லாம் மாத்தி…

— செத்த வண்டியோட குடலை எடுத்து என் வண்டிக்கு வெச்சிருக்கியா?

— உங்களுக்குக் கண்ணுல வெச்ச லென்ஸ் மட்டும் கூடவே பொறந்ததா?

— அது டாக்டர் வெச்சது!

— இது நான் வெச்சது. ரெண்டு பேரும் பச்சைத்துணி விரிச்சுத்தான் வேலை பார்த்தோம்.

— இந்தா, இது என்ன? இந்த ஓரத்துல கிடக்குதே, இரும்புத் துண்டு. நம்ம பெயின்டு மாதிரி இருக்கு.

— அது ஒண்ணுமில்லீங்க.

— ஒண்ணுமில்லேன்னா எதுக்குக் காலால தள்ளுற? எடு. இது என் வண்டி ராடு! சக்கரத்துக்குப் போற ராடு! அறுத்துட்டியாய்யா?

— பதறாதீங்க. அதாவது, பெட்டி நீளம். முன்னாடி இடத்தைப் பிடிச்சுக்கிச்சுன்னா, பின்னாடி போற ராடு கட்டையாகணும்ல? ஒரு சாண் அறுத்து, பத்த வெச்சு, சுத்தவிட்டு, ஆட்டம் இருக்கான்னு பார்த்து மாட்டியிருக்கேன். ஒரு மயிரிழை ஆட்டம் கிடையாது.

— ஒரு சாண்! ஒரு சாணை அறுத்துட்டு ஒண்ணுமில்லேங்கிற! அந்தத் துண்டைக் குடு.

— அது எதுக்குங்க உங்களுக்கு? பாத்திரம் தேய்க்கவா?

— என் வண்டியில இருந்து எடுத்தது என்கிட்ட இருக்கணும். அந்தப் பையில போடு. நாளைக்கு இந்தப் பெட்டி உதவாதுன்னு தூக்கிப் போட்டா, திரும்ப ஒட்டணும்ல?

— அறுத்த ராடை யாருங்க திரும்ப ஒட்டுவாங்க?

— போடுன்னா போடு. சரி, ரிவர்ஸ்ல போறப்ப இந்தப் பெட்டி என்ன பண்ணும்?

— அதாவது, ரிவர்ஸ்ல இது வேலை செய்யவே கூடாது. செஞ்சா உள்ள எல்லாம் மாவாயிடும். அதுக்குத்தான் கியர் பாக்ஸ் மேல ஒரு குட்டி சுவிட்சு. டாப் கியர்ல இருந்தாத்தான் அது கரென்ட்டை விடும். வேற எதுல இருந்தாலும் விடாது.

— ஒரு சாமானை மாட்டுற. அப்புறம் அது வேலை செய்யாம இருக்கறதுக்கு இன்னொரு சாமானை மாட்டுற. இதுக்கு மாட்டாமலே இருந்திருக்கலாம்ல?

— அண்ணே, இவரோட பேசிக் கட்டாது. ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்க. பைபாஸ் வரைக்கும் போய்ட்டு வருவோம்.

— ஏறுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். சத்தம் வருதா, ஒழுகுதான்னு பார்க்கணும்.

— சத்தத்தை நீ எதுக்குக் கேக்கணும்? நான் கேப்பேன். இந்த எஞ்சின் எழுபதுல கத்துறப்ப ஒரு நட்டு லூசானாக்கூட எனக்குத் தனியாக் கேக்கும். போன வருஷம் சைலன்சர் கிளிப்பு விட்டுப்போச்சுன்னு ஓட்டிக்கிட்டே சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. நானே அசந்துட்டேன். அதுல பொய் இல்ல. கதவை நல்லா அடிச்சுச் சாத்துங்க தங்கச்சி.

— சுவிட்சு எங்க? என் பக்கம் ஒண்ணையும் காணோமே?

— அதாவது… அது தங்கச்சி பக்கத்துல இருக்கு. டேஷ்போர்டுக்குக் கீழ.

— ஏன்?

— உங்க பக்கம் வெச்சா ஜென்மத்துக்கும் போடமாட்டீங்கன்னு நான்தான் அங்க வெக்கச் சொன்னேன்.

— ஸ்டியரிங்கு என் கையில, சுவிட்சு அவ கையில! யோவ், வண்டி ஓட்டுறது யாருய்யா?

— எடுங்க சம்பந்தி, எடுங்க. பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான்.

— அடிச்சா அடிக்கட்டும். எடுக்கிறப்ப எடுப்பேன்.

— பாத்து. இடது பக்கம் சைக்கிள்.

— தெரியுது. புதுக் கண்ணு.

— மூணாவது நல்லாத்தான் விழுது. அப்படியே போங்க. ரயில்வே கேட்டைத் தாண்டினதும் டாப்புல போட்டு எழுபது வரைக்கும் கொண்டாங்க. தங்கச்சி, நான் கையைத் தூக்கினதும் சுவிட்சைத் தட்டுங்க. மேலே இருக்கிற கண்ணாடியில என் கையைப் பாருங்க. ஏன்னா, அப்ப நான் பேசினா உங்களுக்குக் கேக்காது.

— சரிண்ணே.

— போட்டாச்சு டாப்பு! இனிமே கத்த ஆரம்பிக்கும் பாரு!

— என்ன சொன்னீங்க சம்பந்தி?

— கத்தும்னேன்!

— கேக்கல! அறுபது வந்துடுச்சா?

— முள்ளு எனக்குத் தெரியாதா! நீ சும்மா இரு!

— சும்மா இருக்கணுமாம்… எல்லாரும் சும்மா இருக்கணும், இவர் ஒருத்தர்தான் பேசணும்… கல்லுல மூக்கையும் மீசையையும் வெச்சு விட்ட மாதிரி…

— என்னடி?

— ஒண்ணுமில்லீங்க! காத்து நல்லா வருதுன்னேன்!

— எழுபது! எழுபது! கையைத் தூக்கிட்டேன் தங்கச்சி!

— ஆட்டறாரே கையை… தட்டறேன் அண்ணே, தட்டறேன்… எது போட்டு என்ன, இவர் திருந்தவா போறார்? திருகு தேஞ்ச நட்டு, முன்னாடியும் போகாது பின்னாடியும் வராது, இதைக் கட்டிக்கிட்டு நாப்பது வருஷமா நான் படற பாடு அந்த…

— யாரை?

— என்னங்க?

— திருகு தேஞ்ச நட்டுன்னு யாரைச் சொன்ன?

— அந்த… லாரியில போறாரே, அவரை.

— லாரிக்காரனையா நாப்பது வருஷமாக் கட்டிக்கிட்டிருக்க?

— அதாவது, தங்கச்சி… சுவிட்சைத் தட்டின அடுத்த நொடியே சத்தம் விழுந்துடும்னு நான் சொல்லியிருக்கணும்.

— இவ்வளவு சடார்னு விழும்னு யாருண்ணே கண்டா? பழைய நினைப்புலயே பேசிட்டேன்.

— பழைய நினைப்பா? அப்ப இது பழக்கமா?

— ஆமா. பழக்கம்தான். வீட்டுல ஒரு வார்த்தை பேசினா நீங்க பத்து பேசறீங்க. வண்டியில ஏறி டாப் கியர் விழுந்தாத்தான் எனக்குன்னு கொஞ்ச நேரம் கிடைக்குது. மனசுல இருக்கிறதை எல்லாம் பேசித் தீர்த்துடுவேன். இறங்கறப்ப லேசா இருக்கும்.

— அதான் ‘எங்கயாவது ஒரு சுத்து போய்ட்டு வருவோம், போய்ட்டு வருவோம்’னு நச்சரிப்பியா?

— காத்து வாங்க வர்றேன்னு நினைச்சீங்களாக்கும்.

— ஹ்ம்ம்.

— சம்பந்தி, அதை விடுங்க. எஞ்சினைக் கேளுங்க. எழுபதுல போறோம். வீட்டு ஹால்ல உக்காந்து பேசற மாதிரி பேசறோம். எப்படி இருக்கு? நானே செஞ்சேன்னு சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்லுங்க.

— வண்டி ஓடுற மாதிரியே இல்ல. யாரோ பின்னாடி இருந்து தள்ளுற மாதிரி இருக்கு.

— அது நல்லதா, கெட்டதா?

— எனக்குப் பிடிக்கல.

— எதுதான் பிடிச்சிருக்கு உங்களுக்கு? ஐயோ, இந்த வண்டியில இனிமே நான் வாயைத் திறக்கவே முடியாது போலிருக்கே. அண்ணே, இதை அணைச்சிடறேன். எனக்கு உள்ள இன்னும் பாதி பாக்கி இருக்கு.

— இருங்க தங்கச்சி, அணைக்காதீங்க…

— என்ன?

— அணைக்காதீங்கன்னேன்! சரி, போகட்டும்! சம்பந்தி! சம்பந்தி!

— என்னய்யா?

— எதுக்கு ஆமாங்கறீங்க?

— யாரு ஆமான்னா?

— தலையாட்டறீங்களே!

— நான் எங்க ஆட்டினேன்?

— இப்பவும் ஆட்டறீங்க! தங்கச்சி, நீங்களும் ஆட்டறீங்க! அட, கண்ணாடியில பாத்தா என் தலையும் ஆடுது! சுவிட்சு! சுவிட்சைத் தட்டுங்க!

— தட்டிட்டேன். என்னண்ணே?

— இப்பப் பாருங்க. நின்னுடுச்சு. மூணு பேர் தலையும் நின்னுடுச்சு. அதாவது, எழுபதுல எஞ்சின் உதறுற உதறு சீட்டுக்கு வருது. சீட்டுல இருந்து கழுத்துக்கு வருது. கழுத்துல இருந்து தலைக்கு. உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியாது. பாக்கறவனுக்குத்தான் ‘சரி, சரி’ன்னு தலையாட்டற மாதிரி இருக்கும்.

— அண்ணே, திரும்ப அணைக்கிறேன். அவர் தலையைப் பாருங்க.

— ஆடுது!

— இப்ப?

— நின்னுடுச்சு.

— இப்ப?

— ஆடுது! மூணு தடவை! நல்லா ‘ஆமா, ஆமா, ஆமா’ங்கற மாதிரி!

— அடியே, அந்தச் சுவிட்சை விடு! அதென்ன விளையாட்டுப் பொருளா?

— ஐயோ.

— என்னடி?

— ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

— என்ன பண்ணிட்ட?

— அன்னிக்கு இதே ரோடு. இதே எழுபது. நான் இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டேன், நீங்க ரோட்டைப் பாத்துக்கிட்டே மூணு தடவை தலையாட்டினீங்க. அது நீங்க ஆட்டினது இல்லையா? எஞ்சின் ஆட்டினதா?

— அதாவது தங்கச்சி, அந்தச் சத்தத்துல நீங்க கேட்டதே அவர் காதுல விழுந்திருக்காது. பாவம்.

— அஞ்சு வருஷமா ‘நீங்க தலையாட்டினீங்க, நீங்க தலையாட்டினீங்க’ன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பொண்ணுகிட்டயே ‘உங்க அப்பா வாக்கு மாத்தற ஆளு’ன்னு சொன்னேன். நீங்க கரடியாக் கத்தினீங்களே, ‘கேக்கல, கேக்கல’ன்னு. நான் நம்பலையே.

— சரி, விடு. அழாத. வண்டி ஓட்டுறப்ப பக்கத்துல உக்காந்து அழக் கூடாது.

— இல்லீங்க, நான் சொல்லிடறேன். நீங்க கேட்டது இதைத்தானே? உங்களைக் கேக்காமதான் கல்யாணத்தை முடிச்சேன். தப்பு என்னோடதுதான். அண்ணன் முன்னாடியே சொல்றேன். போதுமா?

— ஹ்ம்ம்.

— என்னங்க ஹ்ம்ம்? அஞ்சு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தானே நின்னீங்க? சொல்லிட்டேன்ல? நாளைக்குக் காலையில கிளம்பலாம்ல?

— அதாவது, என் மனசுக்கும் இன்னிக்குத்தான் நிம்மதி சம்பந்தி. என் பையன் கல்யாணத்துல நீங்க கடைசி வரிசையில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. திமிருன்னு நினைச்சேன். உங்க மேல தப்பே இல்ல. எல்லாம் இந்த வண்டி பண்ணின வேலை. பாழாப்போன உதறல். ஒரு வண்டி ஒரு மனுஷன் தலையைத் தானா ஆட்டி, அவன் பொண்ணையே கட்டிக் குடுத்திருக்கு! நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன். முன்னாடியே இந்தப் பெட்டியை மாட்டியிருந்தா இவ்வளவு மனஸ்தாபம் வந்திருக்காது.

— வண்டி பண்ணின வேலையா?

— பின்ன?

— என் வண்டியா?

— அட, என்னங்க ஓரம் கட்டறீங்க? சூடாயிடுச்சா?

— வண்டிக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பையை எடு.

— எதை? இந்த ராடுத் துண்டையா? எதுக்கு இறங்கறீங்க? சம்பந்தி, பைபாஸுங்க இது, வண்டி வரும்!

— வரட்டும். நான் ஓரமாத்தான் நடக்கிறேன்.

— என்னங்க! எங்க போறீங்க? வீடு நாலு கிலோமீட்டர் இருக்கு!

— நடந்து போறேன். இந்தப் பெட்டி இருக்கிற வண்டியில நான் வரல. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. எவனோ தள்ளுற மாதிரி, எவனோ காதுல பஞ்சை அடைச்ச மாதிரி. இதுல உக்காந்து என் வண்டியையே குத்தம் சொல்றான் பாரு.

— நான் என்னங்க தப்பாச் சொல்லிட்டேன்? கண்ணால பார்த்தோமே, தலை ஆடுச்சே!

— உன் தலை ஆடும். அவ தலை ஆடும். நாப்பது வருஷமா அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சவன் நான். அது எப்ப உதறும், எங்க உதறும்னு என் கழுத்துக்குத் தெரியும். வண்டி என் தலையை ஆட்டினா நான் விடுவேனா? அது பாட்டுக்கு ஆட்டி என் பொண்ணைக் கட்டிக் குடுக்குமா?

— அப்ப அன்னிக்கு?

— அன்னிக்கு நான்தான் ஆட்டினேன்.

— என்னது?

— நீ சொல்ற மாதிரி பெட்ரோல் பங்கு இல்ல. ரயில்வே கேட்டு தாண்டினதும் கேட்ட. ‘சரின்னு சொல்லிடட்டுமா’ன்னு கேட்ட. பையனைப் பத்தி நானும் விசாரிச்சு வெச்சிருந்தேன். சரின்னு பட்டுச்சு. ஆட்டினேன்.

— ஆட்டிட்டா, அஞ்சு வருஷமா இல்லேன்னீங்க?

— மறுநாள் இவன் வந்தான். ரொம்ப சந்தோஷம்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னான். எல்லாரும் உன்னையே சுத்தி நின்னீங்க. ஒருத்தன் என் பக்கம் திரும்பல. கோவத்துல என்னை யாரும் கேக்கலைன்னுட்டேன். சொன்னதுக்கப்புறம் அதை எப்படித் திரும்ப முழுங்குறதுன்னு தெரியல.

— இருங்க, இருங்க. கொஞ்சம் நில்லுங்க. அந்தச் சத்தத்துல நான் கேட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?

— அதுக்கு முன்னாடி ரெண்டு கிலோமீட்டர் தூரம் ‘மூடி இறுகின டப்பா’ன்னு திட்டிக்கிட்டு வந்தியே, அதுவும் கேட்டுச்சு. நட்டு லூசானா எனக்குத் தனியாக் கேக்கும்னு சொல்றேன், நீ பேசினா கேக்காதா?

— அப்ப… நாப்பது வருஷமாவா?

— ஒரு வார்த்தை விடல.

— கேட்டுக்கிட்டே ‘என்ன, என்ன’ன்னு கேட்டீங்களா?

— கேக்குதுன்னு தெரிஞ்சா நீ பேசியிருப்பியா?

— சம்பந்தி, நில்லுங்க! அவ்வளவு வேகமா நடக்காதீங்க! அப்ப நாளைக்கு ஊருக்குப் போறது என்ன ஆச்சு?

— போறோம். ஆறு மணிக்கு. அதுக்குள்ள அந்தப் பெட்டியைக் கழட்டி, இந்த ராடை ஒட்டி வைய்யா சம்பந்தி. ஏழு மணி நேர ரோடு, அவளுக்குப் பேச நிறைய இருக்கும்.